மீன்தொட்டியில் அம்மோனியா ஏறினால்: 22 பயனுள்ள குறிப்புகள்

கண்ணாடித் தொட்டி வாங்கி, கூழாங்கல் பரப்பி, நாலு கோல்டு ஃபிஷ்ஷும் விட்டாயிற்று. முதல் வாரம் பிள்ளைகள் தொட்டியை விட்டு நகர மாட்டார்கள். இரண்டாம் வாரத்தில் ஒரு மீன் மூலையில் ஒதுங்கும், மறுநாள் மிதக்கும். அடுத்து இன்னொன்று. கடைக்காரர் ஒரு நீல மருந்தைத் தருவார். அதற்கும் கேட்காமல் மீதியும் போனதும் தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடும். இப்படி மீன் வளர்ப்பைக் கைவிட்ட வீடுகள் ஏராளம்.

அந்த மீன்களில் பலவற்றுக்கு நோயே இருந்திருக்காது. தாங்களே செவுள் வழியாக வெளியேற்றிய அம்மோனியா, போக வழியில்லாமல் தண்ணீரிலேயே தங்கி அவற்றைக் கொன்றிருக்கும். நான் பார்த்த வரையில், இதற்கு அழுக்கை விட அளவுக்கு மீறிய சுத்தம்தான் அதிகம் காரணமாகிறது. அதனால் கீழே உள்ள குறிப்புகளில் ‘கழுவாதீர்கள்’ என்பது திரும்பத் திரும்ப வரும். கணக்குகள் எல்லாம் நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் இரண்டடித் தொட்டிக்கானவை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

1. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றனவா? மற்றதைப் பிறகு படிக்கலாம். உணவை நிறுத்துங்கள். செத்த மீன், செத்த நத்தை, அழுகிய இலை, அடியில் கிடக்கும் பழைய உணவு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். பல மாதங்களாகத் தண்ணீரே மாற்றாத தொட்டி என்றால் மட்டும் 7-ஆம் குறிப்பைப் படித்துவிட்டு மாற்றுங்கள். ஃபில்டரை இப்போது தொடவே வேண்டாம்.

2. அறிகுறிகளைப் பிரித்தறியப் பழகுங்கள். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். செவுள் ரத்தச் சிவப்பாக வீங்கியிருக்கும், துடுப்புகள் உடம்போடு ஒட்டியிருக்கும், மீன் அடியில் படுத்துக் கிடக்கும், உணவைப் போட்டாலும் வராது. துடுப்பில் சிவப்புக் கோடுகள் ஓடுவதும் உண்டு. கோல்டு ஃபிஷ்ஷில் புண் ஆறும்போது கருந்திட்டுகள் தோன்றலாம். அது தேறிவருவதற்கான அடையாளம், பயப்பட வேண்டாம். ஃபைட்டர், கௌரமி போன்ற மீன்கள் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்கும். அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

3. தண்ணீர் பளிங்குபோல இருந்தாலும் அதில் மீனைக் கொல்லும் அளவுக்கு அம்மோனியா இருக்கலாம். அந்த அளவு நம் மூக்குக்கும் எட்டாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கி வையுங்கள். தாளைத் தோய்த்துப் பார்க்கும் பட்டைகளை விட இது நம்பகமானது. இன்னும் இரண்டு அலங்கார மீன் வாங்கும் பணத்தை இதில் போடுவது மேல்.

4. கிட்டில் எழுதியிருக்கும் சொட்டுக் கணக்கையும் காத்திருக்கும் நேரத்தையும் அப்படியே கடைப்பிடியுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். டியூப் லைட்டில் 0-வும் 0.25-ம் ஒன்றுபோலவே தெரியும். குழாயின் வாயை விரலால் மூடிக் குலுக்காதீர்கள், மூடி போட்டே குலுக்குங்கள். அந்த மருந்து தோலை அரிக்கும். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. புட்டிகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தொட்டித் தண்ணீரை அளக்கும் அன்றே, நீங்கள் ஊற்றப்போகும் தண்ணீரையும் அளந்துவிடுங்கள். செப்டிக் டேங்க்குக்குப் பக்கத்தில் போட்ட போர்வெல் தண்ணீரில் அம்மோனியா ஏற்கெனவே இருக்கக்கூடும். அப்படியானால் எவ்வளவு மாற்றியும் பயனில்லை, வேறு தண்ணீர் தேட வேண்டும்.

5. கிட் காட்டும் எண் மொத்த அம்மோனியா. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், இது மீனை அவ்வளவாகப் பாதிக்காது. மற்றொன்று கட்டுறாத அம்மோனியா, இதுதான் நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் 0.8 சதவீதம்தான் நஞ்சு வடிவம். பி.எச். 8 என்றால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். பி.எச். 8.5 என்றால் 20 சதவீதம்.

நம் ஊருக்கு இது மிக முக்கியமான கணக்கு. கோடையில் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரிக்கு வந்துவிடும். பல இடங்களில் போர் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும். குளிர்நாட்டு வீடியோவில் ‘1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) இருந்தாலும் சமாளிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், அவருடைய தண்ணீர் வேறு, உங்களுடையது வேறு. நஞ்சு வடிவம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டி நீடித்தாலே மீனுக்குக் கெடுதல். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் கிட் 0.25 காட்டும்போதே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம். அதனால் அம்மோனியா கிட்டோடு பி.எச். கிட்டையும் சேர்த்தே வாங்குங்கள். நன்றாக ஓடும் தொட்டியில் அம்மோனியா 0 காட்ட வேண்டும்.

6. தண்ணீர் மாற்றுவதன் கணக்கு எளிது. பாதியை மாற்றினால் அம்மோனியா பாதியாகும். 4 பி.பி.எம். இருந்தால் ஒரு முறை பாதி மாற்றியதும் 2, சில மணி நேரம் கழித்து மறுபடி பாதி மாற்றினால் 1. கால் பங்கு மட்டும் மாற்றினால் 4 என்பது 3 ஆகும், மீன் அதற்குள்ளேயே தவிக்கும். அவசரத்துக்குப் பாதி, பிறகு அளவு 0.25-க்குக் கீழே வரும் வரை தினமும் அளந்து தேவைக்கேற்ப மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பத்திலேயே இருக்கட்டும். மத்தியான வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வெந்நீரை நேராக ஊற்றிவிடாதீர்கள்.

7. பழைய தொட்டிக்கு ஓர் எச்சரிக்கை. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பிவந்த தொட்டியில் பி.எச். மெல்ல மெல்ல 6-க்கு இறங்கியிருக்கும். அந்தப் புளிப்பில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் நஞ்சற்ற அம்மோனியமாகவே இருக்கும். மீன்களும் எப்படியோ நீந்திக்கொண்டிருக்கும். இந்த நிலையில் விருந்தாளி வருகிறார்கள் என்று பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினால், அம்மோனியம் சட்டென்று நஞ்சு வடிவத்துக்கு மாறும். ‘நேற்றுதான் தண்ணீர் மாற்றினேன், இன்று எல்லாம் செத்துவிட்டன’ என்று சொல்பவர்களின் தொட்டியில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

எனவே இரண்டு தண்ணீரின் பி.எச். அளவையும் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால் பத்தில் ஒரு பங்கு வீதம், இடைவெளி விட்டு, இரண்டு மூன்று நாளில் சிறுகச் சிறுக மாற்றுங்கள். அந்த நாட்களில் உணவு வேண்டாம்.

8. குளோரின் மீனின் செவுளையும் எரிக்கும், ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். கார்ப்பரேஷன் தண்ணீரோ லாரித் தண்ணீரோ எதுவானாலும் அகன்ற வாய் பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டுகளைப் பயன்படுத்தலாம். அடுக்ககங்களில் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடும் நாள் எது என்று காவலாளியிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு முந்தின நாளே தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு: அங்கே குழாய் நீரில் போடுவது குளோராமின். திறந்து வைத்தாலும் அது எளிதில் ஆவியாகாது. சாதாரண ஆன்டி-குளோரின் அதை உடைக்கும்போது மிச்சமாக அம்மோனியாவே வெளிப்படும். குளோராமினுக்கும் அம்மோனியாவுக்கும் சேர்த்து வேலை செய்யும் மருந்தா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

9. அம்மோனியா உணவிலிருந்துதான் வருகிறது. மீன் உணவின் புரதத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி கடைசியில் அம்மோனியாவாகவே தண்ணீருக்கு வந்து சேரும். மீன் பண்ணைக்காரர்கள் கையாளும் கணக்குப்படி, 40 சதவீதப் புரதம் உள்ள உணவு 1 கிராம் போட்டால் ஏறக்குறைய 35 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். 50 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஒரு கிராம் குருணை உணவு என்பது அரைத் தேக்கரண்டிகூட வராது! வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு தடவை போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் சரியான அளவு. நாளுக்கு ஒரு வேளை போதும், குஞ்சுகள் என்றால் இரண்டு வேளை. உணவு டப்பாவை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். தொட்டிக்கு அருகே போனாலே மீன் ஓடிவந்து வாய் திறப்பது அதன் பழக்கம், அதைப் பசி என்று எண்ணிப் பரிதாபப்பட வேண்டாம். அம்மோனியா ஏறியிருக்கும்போது இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் அதைத் தாங்கும்.

10. இனி முக்கியமான குறிப்பு. அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், கல்லின் மேலும், கண்ணாடியிலும் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்பவை. ஸ்பாஞ்சைத் தொட்டால் கையில் படும் அந்தப் பழுப்பு வழுக்கல்தான் உங்கள் மீன்களின் உயிர்க்காப்பு.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனை பக்கெட்டில் விட்டு, கல்லை எல்லாம் வாரி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது பல வீடுகளில் வழக்கம். அந்த ஒரு காலையில் படலம் முழுவதும் போய்விடுகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. ஒரு முறை இரட்டிப்பாகவே பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் அம்மோனியா ஏறிவிடும். தொட்டியை மொத்தமாகக் கழுவும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

11. அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது? வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை சைபன் குழாயால் இழுங்கள். குழாயைக் கல்லுக்குள் அமுக்கி, அடியில் படிந்த கழிவோடு சேர்த்து உறிஞ்சுங்கள். ஒரு வாரம் தொட்டியின் இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு ஓட்டம் குறைந்தால் மட்டும், சைபனில் எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை மெல்லப் பிழிந்து திரும்ப மாட்டுங்கள். இரண்டு ஸ்பாஞ்ச் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள். எடுத்த தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்.

12. ஃபில்டரை இரவில் நிறுத்தி வைப்பது தவறான சிக்கனம். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அது ஓடும் தண்ணீரில்தான் கிடைக்கும். சிறிய ஏர் பம்ப் ஒன்று நாலைந்து வாட் மின்சாரம்தான் எடுக்கும். சத்தம்தான் தொல்லை என்றால் பம்ப்பைத் தொட்டி மட்டத்துக்கு மேலே, ஒரு மடித்த துணியின் மேல் வையுங்கள்.

13. மின்வெட்டு நீளும் ஊர்களில் ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பம்ப்பும் கிடைக்கிறது. மூடிய டப்பா வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் நாறத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அதை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள்.

14. மருந்தை நேராகத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மெத்திலீன் ப்ளூ என்ற அந்த நீல மருந்தும் ஆன்டிபயாடிக் வகைகளும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதிக்கும். ஒரு மீனுக்குக் காளான் நோய் என்று தொட்டி முழுக்க நீலமாக்கினால், அடுத்த வாரம் மற்ற மீன்கள் அம்மோனியாவில் விழும். நோயுற்ற மீனைத் தனி பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு வைத்து மருந்து கொடுங்கள். பக்கெட்டில் ஃபில்டர் இல்லை என்பதால் தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய தண்ணீருக்கு மட்டும் மருந்தைச் சேர்க்க வேண்டும்.

15. புதுத் தொட்டியில் மீன் விடும் முன் பாக்டீரியாவை வளர்த்துவிடுவதுதான் முறையான வழி. அதற்கு மீன் தேவையில்லை, அம்மோனியா இருந்தால் போதும். அம்மோனியம் குளோரைடுதான் நம் நவச்சாரம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் கையில் இருப்பது. கடையில் கிடைக்கும் கட்டி நவச்சாரத்தில் வேறு கலப்பு இருக்கலாம் என்பதால், ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய அம்மோனியம் குளோரைடு வாங்கிக்கொள்ளுங்கள்.

10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். இதில் 40 மில்லி எடுத்து 50 லிட்டர் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியா சுமார் 2 பி.பி.எம். ஆகும். ஃபில்டரை ஓடவிட்டு இரண்டு நாளுக்கு ஒரு முறை அளந்துவாருங்கள். சில நாட்களுக்கு எதுவும் நடக்காததுபோல இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா தீரும்போதெல்லாம் அதே அளவு மறுபடி ஊற்றுங்கள். ஒரு கட்டத்தில் நைட்ரைட்டும் இறங்கும். ஊற்றிய 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகி, நைட்ரைட்டும் 0 காட்டும் அன்று தொட்டி தயார். தேங்கிய நைட்ரேட்டைக் கழிக்க முக்கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

இதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. தினமும் கலர் பார்க்கும் வேலையை அவர்களிடமே கொடுத்து, சொட்டு விடுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். காலெண்டரில் எண்களை எழுதிவைக்கச் சொல்லுங்கள். இதைவிட நல்ல அறிவியல் பாடம் வீட்டில் வேறு அமையாது.

16. அந்த ஆறு வாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. நண்பர் வீட்டில் மீன்கள் சாகாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் தொட்டி இருந்தால், அதன் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து அன்றே உங்கள் ஃபில்டரில் வையுங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியாவில் சில நன்றாக வேலை செய்யும், சில செய்யாது. வெயிலில் மாதக்கணக்கில் கடை அலமாரியில் நின்ற புட்டிக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். நைட்ரோபாக்டர் என்று மட்டும் லேபிளில் இருந்தால் யோசியுங்கள். வீட்டு நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்பது 1998-இல் வெளிவந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

17. அம்மோனியா இறங்கியதும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள், அடுத்து நைட்ரைட் ஏறும். அது மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுக்கும். இந்த இடத்தில்தான் உப்பு உதவும். லிட்டருக்கு 1 கிராம் வீதம், 50 லிட்டருக்கு 50 கிராம் கல் உப்பைத் தனியே கரைத்து, சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைக் குறைக்கும். அம்மோனியாவை உப்பு எதுவும் செய்யாது.

18. இறால் பண்ணைகளில் பயன்படும் ஜியோலைட் கல் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வலைப்பையில் போட்டு ஃபில்டரில் வைத்தால் அவசரத்துக்கு நல்ல துணை. ஆனால் உப்பு போட்ட தொட்டியில் இதை வைக்கவே கூடாது. உப்பு பட்டதும் பிடித்ததை எல்லாம் விட்டுவிடும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் என்று விற்கும் திரவங்களும் தற்காலிகம்தான், தண்ணீர் மாற்றுவதற்கு ஈடாகாது.

19. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரின் காரத்தன்மையும் செலவாகும். ஆர்.ஓ. தண்ணீர், மழைநீர் மட்டும் ஊற்றும் தொட்டிகளில் இது சீக்கிரம் தீர்ந்துபோகும். பி.எச். 6.5-க்குக் கீழே போனால் பாக்டீரியா மந்தமாகும், 6-க்கு வந்தால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். நன்றாகக் கழுவி வேகவைத்த கிளிஞ்சல் ஒரு பிடி ஃபில்டரில் போட்டு வைத்தால் மெல்லக் கரைந்து ஈடுகட்டும். ஆர்.ஓ. தண்ணீரோடு கொஞ்சம் போர் தண்ணீரைக் கலப்பது இன்னும் எளிது. சமையல் சோடா போட்டும் ஏற்றலாம், ஆனால் அம்மோனியா இருக்கும் நேரத்தில் பி.எச்.-ஐ ஏற்றுவது 7-ஆம் குறிப்பில் சொன்ன ஆபத்தில் கொண்டுபோய் விடும். முதலில் அம்மோனியாவை இறக்குங்கள்.

20. மணி பிளான்ட்டின் ஒரு கொடியை வெட்டி, வேர் மட்டும் தண்ணீரில் நிற்கும்படி தொட்டி விளிம்பில் செருகிவிடுங்கள். ஹைட்ரில்லா, ஆகாயத்தாமரை இரண்டும் வேகமாக வளர்பவை, அம்மோனியத்தை நேராக உறிஞ்சுபவை. பழுத்த இலையை அன்றன்றே கிள்ளி எடுக்க வேண்டும், அழுகினால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். காய்ந்த பாதாம் இலை போடுவது ஃபைட்டர் மீனுக்குப் பிடிக்கும். அது தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக்கும், அம்மோனியாவைத் தின்னாது. மஞ்சள் தூள் போடுவதில் ஒரு பயனும் இல்லை.

21. எத்தனை மீன், என்ன மீன் என்பதைக் கடையிலேயே முடிவு செய்துவிடுங்கள். 50 லிட்டரில் பத்துப் பன்னிரண்டு கப்பி நன்றாக வாழும். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். 50 லிட்டரில் ஒன்றே அதிகம், அதுவும் வளர வளரப் பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். மேசை மேல் வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எந்த மீனையும் வைக்காதீர்கள். ஐந்து லிட்டரில் ஒரு சிட்டிகை உணவு கூடினாலும் அம்மோனியா எகிறிவிடும்.

‘டேங்க் கிளீனர்’ என்று கொடுக்கும் சக்கர் மீன் மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. பாசியைச் சுரண்டும், தானும் ஏராளமாகக் கழிக்கும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்து இடம் போதாமல் போனதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். நம் நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

22. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், இருக்கப்போகும் நாளுக்கும் சேர்த்துக் கை நிறைய உணவு போட்டுவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. திரும்பி வரும்போது தொட்டி பால்போலக் கலங்கியிருக்கும். நாலைந்து நாள் என்றால் வளர்ந்த மீனுக்கு எதுவும் போட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவைச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, தேதி எழுதி, பக்கத்து வீட்டில் கொடுங்கள். உணவு டப்பாவைக் கொடுக்காதீர்கள், அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே கால் பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் வேண்டாம். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைக்கும்போது தொட்டியின் லைனை மட்டும் விட்டுவையுங்கள். ஊரிலிருந்து வந்ததும், உணவு போடுவதற்கு முன்னால் ஒரு முறை அம்மோனியாவை அளந்து பாருங்கள்.